நீளம்: சுமார்

காய் நறுக்குகிறவள் நான். வேதநாயகி.
ஆயிரம் இலைப் பந்தி என்றால்
இருபது பூசணி, நாற்பது கிலோ வெங்காயம்,
கணக்கில் வராத கொத்தமல்லி.
செங்கோடன் மாஸ்டர் போன் போட்டு
"மூணு மணிக்கெல்லாம் வந்துருங்க" என்றால்
அஞ்சு கத்தியையும் ஜமக்காளத் துண்டில் சுருட்டிக்கொண்டு
குமாரபாளையத்திலிருந்து பாலம் ஏறுவேன்.
அக்கட்டால பவானி.
கீழே ஒரே ஆறு.
மேலே ரெண்டு மாவட்டம் என்பது
தேர்தல் அறிவித்த வாரம்தான் உறைத்தது.

எங்கள் முனையில் நாற்காலி போட்டிருந்த ஏட்டு
துணியை அவிழ்க்கச் சொன்னார்.
"மறைச்சு எடுத்துட்டுப் போறதுதாம்மா தப்பு.
கத்தின்னா கண்ணுக்குத் தெரியோணும்.
ஒம்பது அங்குலம் வரைக்கும் பரவால்ல."
சரிங்க என்று
கூடையில் பூப்போல மேலாகப் பரப்பி நடந்தேன்.

பவானி முனையில் ஒரு பொடிப்பையன், புது பெல்ட்டு.
விசிலை வாயிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டான்.
"தொறந்து காட்டிட்டு வந்தா மெரட்டறதுன்னு அர்த்தம்.
சுத்தி வையுங்க. ஆறு அங்குலத்துக்கு மேல ஆகாது."
ஏட்டு சொன்னதைச் சொன்னேன்.
"அது அவங்க லிமிட்டு."

சாணை பிடிக்கும் காதர் பாய் அளந்து பார்த்துச் சிரித்தார்.
பன்னிரண்டில் வாங்கினது,
நுனி தேய்ந்து ஒன்பதில் நிற்கிறது.
"இன்னும் எட்டு வருசம் முகூர்த்தம் நடக்கட்டும்,
ரெண்டு ஊர்ச் சட்டத்துக்கும் சரியாப் போயிரும்."

அதுவரைக்கும்?
தறிச்சத்தம் முதுகுக்குப் பின்னால் கரைகிற இடத்தில்
பதினோராவது விளக்குக் கம்பம்.
போகும்போது அதனடியில் உட்கார்ந்து சுருட்டுவேன்.
வரும்போது அங்கேயே அவிழ்ப்பேன்.
ஒரு ராத்திரி, ஷிப்டு முடிந்து வந்த ஒருத்தர்
வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.
"அக்கா, எதுன்னாலும் பேசிக்கலாங்க.
மொதல்ல அதைக் கீழ வையுங்க."
ஆற்றைப் பார்த்தா, கத்தியைப் பார்த்தா,
எதற்குப் பயந்தார் என்று தெரியவில்லை.
சட்டமுங்க, என்றேன்.
புரிந்த மாதிரி தலையாட்டினார்.
கண்மறைகிற மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பதினேழாம் தேதி
அந்தக் கம்பத்தடியிலேயே ஒரு ஜீப்பு வந்து நின்றது.
பறக்கும் படை.
அவர்களுக்கு எந்தக் கரையும் இல்லையாம்,
எல்லாக் கரையும் உண்டாம்.
பாதி சுருட்டியிருந்தேன்.
பாதி திறந்திருந்தது.
ரெண்டு பக்கத்துக்கும் குற்றவாளி.

சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்:
கத்தி – 5. நீளம்: சுமார்.
சுமார் எத்தனைங்க?
"அப்பறம் எழுதிக்கறோம், போங்க."

அன்றைக்குப் பூசணியை மண்டபத்துப் படியில் போட்டு உடைத்தோம்.
திருஷ்டி கழிக்கிறார்கள் என்று
பொண்ணு வீட்டார் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.
கோசைக் கையால் பிய்த்தோம்.
பெரிய வெங்காயம் முழுசு முழுசாகச் சாம்பாரில் மிதந்தது.
மாஸ்டர் பின்கட்டில் ஒளிந்துகொண்டார்.
ஒறம்பரைகள் புதுத் தினுசு என்று
ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார்கள்.

ஓட்டெண்ணி முடிந்தபின்
எந்தக் கரை ஆபீஸ் என்று ஒன்பது நாள் அலைந்தேன்.
கடைசியில் நாலைத் திருப்பித் தந்தார்கள்.
சீட்டில் அஞ்சுங்களே?
"அதுவும் சுமார்தாம்மா" என்றார் எழுத்தர்,
சிரிக்காமல்.
பெரியதன் அலகில் ஒரு கொய்யா விதை காய்ந்திருந்தது.
ஓரத்தில் மிளகாய்ப்பொடி.
யாரோ நன்றாகத்தான் நறுக்கியிருக்கிறார்கள்.
கனத்தும் இல்லாமல், மெலிந்தும் இல்லாமல்
விழுந்திருக்கும், எனக்குத் தெரியும் அந்தக் கத்தியை.

இப்போது பாலத்தில் யாருமில்லை.
நாற்காலி இருந்த இடத்தில் ஒருத்தன் சோளம் சுடுகிறான்.
பதினோராவது கம்பம் வந்தால் மட்டும்
கால் தானாக நிற்கிறது.
கை, துணியின் முனையைத் தேடுகிறது.